ஒன்பதாவது பிள்ளை

என் மாமியார் வீட்டுக் கூடத்தில், கணப்புக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட வம்சப்படம் ஒன்று தொங்குகிறது. அதில் ஒரு பிழை இருந்தது. வரைந்தது நான்தான். அந்தப் பிழை ஒன்றரை வருடம் அங்கேயே தொங்கியது. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று, "அடடா, எவ்வளவு உழைப்பு" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மாமியாரை நான் இங்கே அத்தை என்றே எழுதுகிறேன். நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அயர்லாந்தில் அப்படித்தான். கல்யாணமான முதல் வருடம் எனக்கு வாயே வரவில்லை. பெயரைச் சொல்லாமல் எதிரே போய் நின்று பேச்சைத் தொடங்குவேன். இப்போது பழகிவிட்டது. ஆனாலும் மனதுக்குள் அத்தைதான்.

நாங்கள் இருப்பது கார்க் நகரத்தில். அத்தையின் பூர்வீகம் அதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பேரா தீபகற்பம். காரில் இரண்டரை மணி நேரம். அந்தச் சிற்றூரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, உறவுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

2021 கடைசியில் ஒரு நாள் அத்தை பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து ஓர் உறையை என் கையில் கொடுத்தார். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் பியூட் நகர அஞ்சல் முத்திரை. அத்தையின் பாட்டி நோராவுக்கு அவருடைய அண்ணன் எழுதியது. உள்ளே கடிதம் இல்லை. உறையின் பின்பக்கம் பென்சிலில் முட்டைக் கணக்கு. கடிதம் போய்விட்டது, முட்டைக் கணக்கு மிஞ்சியிருக்கிறது.

"பாட்டியோட அம்மா பேரே எனக்குத் தெரியாது. அவள் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. உனக்குத்தான் கம்ப்யூட்டரில் எல்லாம் தேடத் தெரியுமே" என்றார் அத்தை.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அயர்லாந்தில் முன்னோரைத் தேடப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "எல்லாம் எரிந்துபோச்சே!" என்பதுதான். பாதி உண்மை. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் பச்சைக் குவிமாடத்தோடு நிற்கிறதே ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்றக் கட்டடம், அதன் வளாகத்தில்தான் அரசின் ஆவணக் காப்பகம் இருந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, 1922 ஜூன் 30 அன்று, குண்டுவெடிப்பும் தீயும் சேர்ந்து ஏழு நூற்றாண்டுக் காகிதங்களைச் சாம்பலாக்கின. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் அதில் போயிற்று.

ஆனால் அடுத்த நான்கும் தீயில் போகவில்லை. 1861, 1871 கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களைப் புள்ளிவிவரம் எடுத்து முடித்த கொஞ்ச காலத்திலேயே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்களை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு என்று கூழாக்கிவிட்டார்கள். தீயை யாரும் குறை சொல்ல முடியாது. காகிதக் கூழை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அத்தையின் பாட்டி பிறந்து வளர்ந்த வருடங்கள் சரியாக அந்தக் கூழுக்குள்தான் இருக்கின்றன.

ஆக, 1922-க்கு முந்தையவற்றில் முழுதாகப் பிழைத்துக் கிடப்பவை 1901, 1911 இரண்டும்தான். தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அச்சடித்த விவரத்தை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அசல் படிவத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். இதை நான் அப்போதே முழுமனதோடு செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

1901 படிவங்களில் நோராவின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். ஜெரமாயா, வயது 60, மனைவியை இழந்தவர், விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாது. மகன் டேனியல், 22. மகள் நோரா, 16. மொழிப் பத்தியில் அப்பாவுக்கு "ஐரிஷும் ஆங்கிலமும்". கணக்கெடுக்க வந்த கான்ஸ்டபிள் தன் பங்குக்கு வீட்டைப் பற்றித் தனிப் படிவம் நிரப்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் கணக்கெடுப்பு போலீஸ்காரர் வேலை. கல் சுவருக்கு ஒரு மதிப்பெண், கூரை வேய்ந்திருப்பதால் அதற்குச் சைபர். இரண்டு அறை, முன்பக்கம் இரண்டு ஜன்னல். எல்லாம் கூட்டி, மூன்றாம் வகுப்பு வீடு. மாட்டுக் கொட்டில் ஒன்று, பன்றிக் கொட்டில் ஒன்று, கோழிக் கூடு ஒன்று. முட்டைக் கணக்கு ஞாபகம் வந்தது.

பத்து வருடம் கழித்து 1911-இல் அதே ஜெரமாயாவுக்கு வயது 74. பத்து வருடத்தில் பதினான்கு வயது!

இது அவர் ஒருவரின் குறும்பு இல்லை. முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908-இல் வந்தது. 1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து, எழுபது நிறைந்தவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை. பிறப்பைப் பதியும் வழக்கம் எல்லோருக்குமாக வந்ததே 1864-இல்தான் என்பதால் எழுபது வயதுக்காரர் யாரிடமும் சான்று கிடையாது. அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் பெயரைத் தேடித் தரச் சொல்லி ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் போயின. அந்த விண்ணப்பத் தாள்கள் பிழைத்துவிட்டன. எரிந்துபோன கணக்கெடுப்பின் சில வரிகள் இன்று நம் கையில் இருப்பது ஐந்து ஷில்லிங் ஆசையின் புண்ணியம். சான்றுக்கு வழியே இல்லாதவர்களிடம் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி: "பெருங்காற்று ராத்திரி நினைவிருக்கிறதா?" 1839 ஜனவரி 6 இரவு அயர்லாந்தைப் புரட்டிப் போட்ட புயல் அது. நினைவிருந்தால் எழுபது நிச்சயம். ஊரில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் திடீரென்று அந்தக் காற்று நினைவுக்கு வந்துவிட்டது.

ஜெரமாயா ஞானஸ்நானம் பெற்றது 1839 மார்ச்சில். அது பின்னால் கிடைத்த தகவல். கேட்டிருந்தால், அம்மா வயிற்றில் இருந்தபடி காற்றின் சத்தத்தைக் கேட்டேன் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

இந்த வயதுக் கூத்தைப் பார்த்ததும் நான் எடுத்த முடிவு: கணக்கெடுப்பில் இருக்கும் எந்த வயதையும் நம்பக் கூடாது. புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன. அதனால் நோராவுக்கு எழுதியிருந்த 16-ஐயும் தூக்கி ஓரமாக வைத்தேன். எனக்குக் கல் இருந்தது. கல்லறைக் கல்லில், 1962-இல் இறந்தபோது வயது 82 என்று வெட்டியிருக்கிறது. அப்படியானால் பிறந்தது 1880. கல்லில் வெட்டியதைவிடக் காகிதத்தில் எழுதியதையா நம்புவது?

அடுத்து பிறப்புப் பதிவேடு. நூறு வருடம் தாண்டிய பிறப்பும், எழுபத்தைந்து தாண்டிய திருமணமும், ஐம்பது தாண்டிய மரணமும் அரசுத் தளத்தில் இலவசமாகப் படமாகவே கிடைக்கின்றன. வேறு எத்தனையோ நாடுகளில் இதற்குக் காசு கொடுக்க வேண்டும். சிக்கல் காசில் இல்லை, குடும்பப் பெயரில் இருந்தது. சல்லிவன். பேராவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு சல்லிவன் மேல்தான் விழும். நோராவின் அப்பா சல்லிவன், நோரா கல்யாணம் செய்துகொண்டவரும் சல்லிவன். 1901-இல் வெறும் சல்லிவனாக இருந்த குடும்பம் 1911-இல் ஓ'சல்லிவன் ஆகிவிட்டது. ஆங்கிலேய ஆட்சியில் உதிர்ந்துபோன "ஓ"வை, ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்கக் கிளம்பிய கேலிக் மறுமலர்ச்சி வந்த பிறகு பலர் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

முதல் பெயர் மட்டும் லேசா? ஜெரமாயா என்பவர் வீட்டில் டார்பி, ஐரிஷில் டியர்முய்ட், பங்குத்தந்தையின் லத்தீனில் ஜெரமியாஸ். நோரா ஒரு தாளில் ஹனோரா, இன்னொன்றில் ஹொனோரியா. கான் என்பது கொர்னீலியஸ். பெயர் எத்தனை வந்தாலும் ஆள் ஒருவர்தான்.

இதற்கு நடுவே ஒரு மாதம் தவறான மறைமாவட்டத்தில், அதாவது தவறான பிஷப்பின் எல்லைக்குள், தொலைந்தேன். பேராவின் பெரும்பகுதி கார்க் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் திருச்சபைக் கணக்கில் அது கெர்ரி மறைமாவட்டம். நான் கார்க் பக்கத்துப் பங்குகளின், அதாவது ஒவ்வொரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் ஊர்களின், ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அரசுக்கு மாவட்டம், சபைக்குப் பங்கு, வரிக்கு சிவில் பாரிஷ், பிறப்பைப் பதிய ஏழைகள் சட்ட யூனியன் என்று ஒரே வயலுக்கு நாலு முகவரி. இத்தனைக்கும் அடியில் இருப்பது டவுன்லேண்ட். டவுன் என்றதும் கடைவீதியைக் கற்பனை செய்ய வேண்டாம். நாலைந்து வீடு, கொஞ்சம் வயல், ஒரு சதுப்பு, அவ்வளவுதான். இப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. டவுன்லேண்டின் பெயர் கையில் கிடைக்கும் வரை ஐரிஷ் முன்னோர் யாரும் அகப்பட மாட்டார்கள். கிடைத்துவிட்டால் அங்கிருந்து ஓடவும் மாட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது. 1880-இல் பிறந்த ஹனோரா. அப்பா ஜெரமாயா, அம்மா மேரி. பிறந்த வீட்டுப் பெயர் ஹாரிங்டன். ஊர் சரி, வருடம் சரி. பிறப்பைச் சொல்ல வந்தவர் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அத்தைக்கு போன் செய்து, "உங்கள் பாட்டியின் அம்மா மேரி ஹாரிங்டன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "மேரி... எங்கம்மா பேரும் அதுதானே" என்றார்.

இங்கே பழைய குடும்பங்களில் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். எனக்கு இது விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பெயரைத் தாங்குகிறவன்தானே பெயரன், அதுதானே பேரன்! ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விளக்கியிருந்த விஷயம் நம் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது.

இதை வைத்து ஒரு தலைமுறை பின்னால் போனேன். ஜெரமாயாவின் மூத்த மகன் கான், 1871. அப்படியானால் ஜெரமாயாவின் அப்பா இன்னொரு கொர்னீலியஸாக இருக்க வேண்டும். கிரிஃபித் மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. 1847-க்கும் 1864-க்கும் இடையில் ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நாடு முழுக்க நிலத்தையும் வீட்டையும் அளந்து வரி போட்ட பட்டியல். கணக்கெடுப்பு எரிந்துபோன நாட்டில் அதுதான் கணக்கெடுப்பு. யாரிடம் குத்தகை, எத்தனை ஏக்கர், எத்தனை ரூட், எத்தனை பெர்ச், மதிப்பு எத்தனை பவுண்டு, எல்லாம் இருக்கும். 1840-களின் பெரும் பஞ்சம் முடிந்ததும் முடியாததுமான நேரத்தில் எடுத்தது வேறு. பட்டியலில் இருப்பவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள் என்பது படிக்கும்போது கூடவே வரும்.

எங்கள் டவுன்லேண்டில் கொர்னீலியஸ் சல்லிவன் இரண்டு பேர். வரி வசூலிக்க வருகிறவனுக்குக் குழம்பக் கூடாது அல்லவா, அதனால் பெயருக்குப் பக்கத்தில் அடையாளச் சொல் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அவருடைய அப்பா பெயர், நம் ஊர் இனிஷியல் மாதிரி. இன்னொருவருக்கு "ரூவா". ஐரிஷில் சிவப்பு, அதாவது செம்பட்டைத் தலை. இரண்டில் யார் நம்மவர்? அத்தையிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன்.

"ரூவாவா? கடையில் பாட்டியை நோரா ரூவா என்றுதான் கூப்பிடுவார்கள். முடி பஞ்சு மாதிரி வெளுத்திருக்கும். நான் ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்தேன்."

நூறு வருடத்துக்கு முந்தைய ஒருவரின் தலைமுடி நிறம், வரிப் பட்டியலிலிருந்து இறங்கி, நரைத்த கிழவியின் பெயரில் ஒட்டிக்கொண்டு 1950-கள் வரை வந்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பது ஏக்கர் சொச்சம், அதில் பாதி பாறை. அந்த ஒன்பது ஏக்கருக்காக எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அத்தையின் எண்பதாவது பிறந்தநாள் 2022-இல் வந்தது. படத்தை வரைந்து சட்டம் போட்டுக் கொடுத்தேன். நடுவில், நல்ல கையெழுத்தில்: நோரா, 1880–1962.

பிழை எப்படித் தெரிந்தது என்பதற்கு வருகிறேன். 2024 தொடக்கத்தில், மேரி ஹாரிங்டன் எப்போது இறந்தார் என்று தேட உட்கார்ந்தேன். மரணப் பதிவேட்டின் பக்கங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். பொழுதுபோக்குக்குப் பார்க்கக் கூடிய பதிவேடு இல்லை அது. எல்லாப் பக்கத்திலும் குழந்தைகள். நோயின் பெயர், எத்தனை நாள் கிடந்தது, பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரே வாசகம்: மருத்துவர் யாரும் பார்க்கவில்லை.

1883. ஹனோரா சல்லிவன். வயது 3. அப்பா விவசாயி. கக்குவான் இருமல், மூன்று வாரம். மருத்துவர் பார்க்கவில்லை. இறக்கும்போது உடனிருந்தவர் ஜெரமாயா சல்லிவன், அவர் குறி. அதே டவுன்லேண்ட்.

நான் சட்டம் போட்டுக் கொடுத்த நோரா மூன்று வயதில் இறந்துவிட்டாள்.

முதலில் மறுத்தேன். சல்லிவன்கள் நிறைந்த ஊர், வேறு ஜெரமாயாவாக இருக்கும். கிரிஃபித் பட்டியலில் இன்னொரு கிளையும் இருக்கிறதே? இரண்டு நாள் கழித்து மறுப்பு பயமாக மாறியது. குடும்பமே தப்பாக இருந்தால்? அன்னி மூர் கதை தெரிந்திருக்கும். 1892 ஜனவரி முதல் தேதி நியூயார்க்கின் எல்லிஸ் தீவு திறந்தபோது முதலில் இறங்கிய கார்க் பெண். டெக்சாஸ் பக்கம் போய் வாழ்ந்த ஓர் அன்னி மூரைத்தான் அவள் என்று பல வருடம் கொண்டாடினார்கள். 2006-இல்தான் உண்மையான அன்னி நியூயார்க்கை விட்டே போகவில்லை என்று தெரிந்தது. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கே அந்தக் கதி. எங்கள் பேரா நோராவை யார் பார்த்தார்கள்? டிஎன்ஏ சோதனை செய்தால் தீர்ந்துவிடும் என்றார் கணவர். தீராது. தலைமுறை தலைமுறையாக அந்த நாலு மலைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். பேராவில் யாரைச் சோதித்தாலும் யாருக்கும் சொந்தம் என்றுதான் வரும்.

அத்தையிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் கணப்புப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

தெரியாத ஒன்றை விட்டுவிட்டுத் தெரிந்ததைத் தோண்டலாம் என்று ஜெரமாயாவையே சுற்றி வந்தேன். ஒரு தனியார் தளத்துக்கு ஒரு மாதம் சந்தா கட்டினேன். அங்கே பலர் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களை எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். ஒருவர் தப்பாக எழுதியதை நாற்பது பேர் படியெடுத்து வைத்திருக்கிறார்கள், நாற்பது பேர் சொல்வதால் அது உண்மை போலத் தெரியும். நான் போனது சிறு நீதிமன்றப் பதிவேடுகளுக்காக. பிறப்பு இறப்பு ஏடுகளில் மனிதர்கள் பிறக்கிறார்கள், இறக்கிறார்கள். இந்த ஏடுகளில்தான் வாழ்கிறார்கள். ஜெரமாயாவின் மாடு பொதுச் சாலையில் திரிந்ததற்கு ஒரு ஷில்லிங் அபராதம். அடுத்த வருடம் அதே மாடோ அதன் கன்றோ, மறுபடியும் ஒரு ஷில்லிங். நாய் உரிமப் பதிவேட்டிலும் இருக்கிறார். 1866 முதல் நாய் வைத்திருந்தால் வருடம் இரண்டு ஷில்லிங், அதோடு ஆறு பென்ஸ் கட்டணம். நாயின் நிறமும் இனமும் எழுதுவார்கள். கறுப்பு வெள்ளை, ஆட்டு நாய். ஆக, கொள்ளுத்தாத்தாவின் நாய் என்ன நிறம் என்பது எனக்குத் தெரியும். அவர் மகள் யார் என்பது தெரியாது.

அப்புறம் ஒரு ராத்திரி 1911 படிவத்தின் அசல் படத்தை மறுபடி திறந்தேன். 1911-இல் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள். கல்யாணமான பெண்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டியது: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. மனைவியை இழந்த ஆண் இதை நிரப்ப வேண்டியதில்லை. நிறைய பேர் தெரியாமல் நிரப்பிவிட்டார்கள், அதிகாரிகள் மேலே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்கள். தளத்தில் அச்சடித்த விவரத்தில் ஜெரமாயாவுக்கு அந்த இடம் காலி. படத்தில் காலி இல்லை. கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிகிறது: ஒன்பது. பக்கத்தில், நான்கு.

எழுதத் தெரியாதவர் என்பதால் யாரோ கேட்டுக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். யாரும் கேட்கத் தேவையில்லாத கேள்விக்கு ஒரு கிழவர் வாய்திறந்து பதில் சொல்லியிருக்கிறார்.

என் பட்டியலில் எட்டுதான் இருந்தது. 1869, 71, 73, 75, 78, 80, 82, 87. விரல்விட்டு எண்ணினேன். 82-க்கும் 87-க்கும் நடுவில் ஐந்து வருட இடைவெளி. எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? இன்னொரு பிள்ளை இருந்தால் இன்னொரு பெயரில் இருக்கும் என்றுதான் என் புத்தி போயிற்று. இந்த வீட்டில் வைக்காத பெயர்களாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பங்குப் பதிவேட்டில் 1884 அக்டோபர் 26. ஹொனோரியா. ஜெரமியாஸ் சல்லிவன், மரியா ஹாரிங்டன். மை ஊறிப்போன பக்கம், ஹாரிங்டனில் ஓர் எழுத்து குறைவு. அரசுப் பதிவேட்டில் அதே குழந்தை, அதே பெற்றோர், அதே ஊர். பிறந்த நாள் 1884 டிசம்பர் 9. அதாவது பிறப்பதற்கு ஆறு வாரம் முன்பே ஞானஸ்நானம் ஆகிவிட்டது! குறித்த காலத்துக்குள் பதியாவிட்டால் அபராதம். பாதிரியார் வீடு பக்கம், பதிவாளர் தூரம். தாமதமாகப் போய்ப் பிறந்த நாளைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். மாட்டுக்கே இரண்டு ஷில்லிங் கட்டிய மனுஷன், பிள்ளைக்கும் சேர்த்தா கட்டுவார்?

இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அப்போது சாதாரணம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தது வேறு, கண்ணெதிரே பார்ப்பது வேறு. நோரா என்பது ஜெரமாயாவின் அம்மா பெயர். அந்தப் பெயர் வீட்டில் இல்லாமல் போக விட முடியாது. 83-இல் போனது, 84-இல் திரும்பி வந்தது.

ஆக 1901 படிவம் சொன்ன 16 சரியான வயது. அந்த வீட்டுத் தாளில் உண்மையாக இருந்த ஒரே எண்ணைத்தான் நான் தூக்கி ஓரமாக வைத்திருந்தேன்.

அத்தையிடம் போனேன். படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் நான் நினைத்த இடத்தில் நிற்கவே இல்லை.

"அப்போ பாட்டி செத்தபோது வயசு 82 இல்லையா?"

"இல்லை, எழுபத்தெட்டுக்குள்."

அத்தை எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

"நான் சர்ச்சில் புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கிய வருஷம் 1950. பாட்டிக்கு அந்த வருஷம்தான் பென்ஷன் வந்தது. முதல் பென்ஷன் பணத்தில் எனக்கு வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தாள்."

இருவரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டோம். 1950-இல் எழுபது என்றால் பிறந்தது 1880. 84-இல் பிறந்த நோராவுக்கு 1954 வரை பென்ஷன் கிடையாது. பென்ஷனுக்குப் பிறப்புச் சான்று கேட்டிருப்பார்கள். யாரோ ஒரு குமாஸ்தா ஏட்டைப் புரட்டி, ஊர் சரி, அப்பா பெயர் சரி, அம்மா பெயர் சரி என்று முதலில் கண்ணில் பட்ட நோராவை எழுதிக் கொடுத்திருப்பார். நான் செய்த அதே தப்பு. தாளை வாங்கிப் பார்த்த பாட்டிக்கு விஷயம் தெரிந்ததா, இல்லை தன் வயது அதுதான் என்றே நம்பினாரா? இதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. அத்தைக்குச் சந்தேகமே இல்லை.

"தெரியும். நன்றாகத் தெரியும். அவளாவது தெரியாமல் இருப்பதாவது! அக்கா கொடுத்தது என்று வாங்கிக்கொண்டிருப்பாள்."

அந்த வெள்ளை ஷூவைப் பற்றி அன்று அரை மணி நேரம் பேசினார். பக்கவாட்டில் பொத்தான் வைத்தது. கொஞ்சம் கடித்தது. ஆனாலும் கழற்றவில்லை.

படத்தை நான் புதிதாக வரைந்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, 1880–1962 என்று நான் எழுதியிருந்ததில் 1962-ஐ மட்டும் அடித்து 1883 என்று பென்சிலில் திருத்தினார். பக்கத்தில் கோடு இழுத்து, தன் நடுங்கும் கையெழுத்தில் இன்னொரு நோரா. கல்லறைக் கல்லைத் திருத்தலாமா என்று கணவர் கேட்டதற்கு, "பென்ஷன் ஆபீஸ்காரன் பார்த்துவிடுவான்" என்றார்.

நான் கிளம்பும்போது அத்தை மறுபடி அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அல்லிஹீஸ் பக்கத்துச் செம்புச் சுரங்கங்கள் ஓய்ந்த பிறகு பேராவின் சல்லிவன்கள் கூட்டம் கூட்டமாகப் போன ஊர் பியூட். அங்கேயும் செம்புதான். அந்த உறையை அனுப்பிய அண்ணன் கான் எப்போது போனார் என்று கேட்டார். 1890 வாக்கில் என்றேன். 71-இல் பிறந்தவர்.

"அப்போ முதல் நோரா போகும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. அவளைத் தூக்கி வளர்த்திருப்பான்." உறையின் முகவரியை விரலால் தடவினார். "இவள் அஞ்சு வயசாக இருக்கும்போது கப்பல் ஏறிட்டான். இவளை அவனுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. எந்த நோராவை நினைத்துக்கொண்டு எழுதினானோ."

பியூட் நகரத்தின் பழைய முகவரிப் புத்தகங்களை இப்போது பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அங்கேயும் பக்கம் பக்கமாகச் சல்லிவன்கள்.